மாடல் உயிரினமே இல்லாத இடத்தில் மாடல் உயிரினம் உருவாக்கும் லேப்: பிஎச்டிக்குப் போகலாமா?

அலையோரம் (கேள்வி)

வணக்கம். பரங்கிப்பேட்டையில் எம்.எஸ்சி. கடல் உயிரியல் முடித்துவிட்டு இப்போது ஒரு புராஜெக்டில் ஜே.ஆர்.எஃப். (உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளர்) ஆக இருக்கிறேன். வெள்ளாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் எடுப்பது, வடிகட்டுவது, டிஎன்ஏ பிரித்து சீக்வென்சிங்குக்கு அனுப்புவது, இதுதான் இரண்டு வருடமாக வேலை. திரும்பி வரும் பட்டியலில் பெரும்பகுதி 'அடையாளம் காணப்படாதது' என்றுதான் இருக்கும். பெயர் தெரிந்தவற்றிலும் பாதி மரபணுக்களுக்கு எதிரே 'செயல் தெரியவில்லை' என்று இருக்கும். நான் கையால் மொண்டெடுத்த தண்ணீரில் இருந்த உயிர்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று எனக்கே தெரியாது என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, இங்கேயே, மீன்களுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாவில் வேலை. முறைகள் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன, சீனியர்கள் எல்லோரும் பேப்பர் போட்டு முடித்து வெளியே போயிருக்கிறார்கள். இன்னொன்று, பிரான்ஸில் கடற்கரையோர ஆய்வு நிலையம் ஒன்றில், 3 வருட ஒப்பந்தம். ஒரு செல் கொண்ட கடல் உயிரி ஒன்றை எடுத்து, அதற்குள் வெளியிலிருந்து மரபணுவைச் செலுத்தவும் அதன் மரபணுவை வெட்டவும் முறை கண்டுபிடிக்க வேண்டும். அதாவது ஈஸ்ட், பழ ஈ போல லேபில் எளிதாகக் கையாளக்கூடிய 'மாடல் உயிரினமாக' அதை ஆக்க வேண்டும். அந்த இனத்தில் இதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. வீடியோ இன்டர்வியூவில் அந்த லேபின் சீனியர் மாணவி ஒருவர், தான் இரண்டு வருடமாக முயன்றும் இன்னும் உள்ளே போகவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கைடும் பக்கத்திலேயே இருந்தார், மறுக்கவில்லை.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூணு வருஷம் கழிச்சு அது உள்ளேயே போகலைன்னா, நீ எதை எழுதிக் கொடுப்பே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த மாதிரி லேபில் இருக்கும், இருந்த அண்ணன்கள், அக்காக்கள் யாராவது சொல்லுங்கள். தினமும் என்னதான் செய்வீர்கள்? எங்கே சிக்கும்? இதில் எப்படி தீசிஸ் முடிக்கிறார்கள்?

உப்புநீர்

ஒன்பது வருடமாக இதே வேலைதான். முதலில் டயட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட ஒரு செல் பாசி), இப்போது கோயனோஃபிளாஜெல்லேட் (ஒரு வாலும் அதைச் சுற்றிக் கழுத்துப்பட்டியும் உள்ள ஒரு செல் உயிரி). கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உறுத்தலில் இருந்தே தொடங்கலாம். 'செயல் தெரியவில்லை' என்ற வரியைச் சீக்வென்சிங்கால் மட்டும் அழிக்க முடியாது. ஒரு மரபணு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதைக் கெடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது அதற்கு ஒரு ஒளிரும் வால் ஒட்டி செல்லுக்குள் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். ஈஸ்ட்டிலும் ஈ. கோலையிலும் பழ ஈயிலும் இதைச் சாதாரணமாகச் செய்கிறோம் என்றால், எத்தனையோ லேப்கள் பல பத்தாண்டுகளாக உழைத்து வைத்த முறைகள் நம் கைக்கு வந்திருக்கின்றன என்று அர்த்தம். கடலில் இருக்கும் ஒரு செல் உயிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த முதல் படியே கிடையாது. அந்தப் படியைக் கட்டுகிற வேலைக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

எங்கே சிக்கும் என்று கேட்டீர்கள். முதல் எதிரி உப்பு. எலெக்ட்ரோபொரேஷன் என்றால் செல்களை ஒரு சின்னக் குவளையில் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து, நொடியில் ஒரு துளி நேரம் மின்சாரம் பாய்ச்சி, செல்சவ்வில் தற்காலிகமாக ஓட்டை போட்டு டிஎன்ஏவை உள்ளே விடுவது. கடல் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கொஞ்சம் உப்பு மிச்சம் இருந்தாலும் 'பட்' என்று ஒரு சத்தம், குவளைக்குள் ஒரு நீலப் பொறி, அவ்வளவுதான், மூன்று வாரம் வளர்த்த செல்கள் போயின. அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அவருக்கும் தெரியும் என்ன நடந்தது என்று. சரி, உப்பைக் கழுவிவிடலாம் என்று சார்பிட்டால் கரைசலில் போட்டால் சில இனங்கள் அதிலேயே வெடித்துச் சாகும். அப்புறம் எந்தச் சர்க்கரை, எவ்வளவு, எத்தனை நிமிடம் தாங்கும் என்று ஒரு மாதம் அதிலேயே போகும்.

உள்ளே போன செல்லைப் பொறுக்கி எடுப்பது அடுத்த தலைவலி. ஜியோசின் போன்ற ஆண்டிபயாடிக்குகள் உப்பு அதிகமானால் வலு இழந்துவிடும். அதனால்தான் ஃபியோடாக்டைலம் என்ற டயட்டத்தை வளர்ப்பவர்கள் பாதிக் கடல் தண்ணீர், பாதி நன்னீர் கலந்து தட்டு ஊற்றுகிறார்கள். ஃபியோடாக்டைலம் அதைத் தாங்கும். உங்கள் உயிரி தாங்குமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. என் டயட்டம் நாட்களில் ஒரு இரவு பதினொரு மணிக்கு நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும் செல்களைப் பார்த்தேன், செலுத்திய ஒளிரும் மரபணு உள்ளே போனதன் அடையாளம் அது என்று நினைத்தேன். ஒரு தட்டில் 6 செல்கள். கைடுக்கு அப்போதே மெயில் போட்டேன், அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். மறுநாள் டிஎன்ஏ போடாத கட்டுப்பாட்டுத் தட்டை வைத்துப் பார்த்தால் அதிலும் 5 செல்கள் அதே பச்சையில். பச்சையம் உள்ள செல்கள் சாகும்போது தாமாகவே பச்சையாக ஒளிரும். அன்றிலிருந்து கட்டுப்பாட்டுத் தட்டைப் பார்க்காமல் எந்தத் தட்டையும் பார்ப்பதில்லை. நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படிப் பழகிக்கொள்ளுங்கள்.

நடக்கவே நடக்காதா என்றால், நடக்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நிக்கோல் கிங் குழுவின் கதையைச் சொல்கிறேன், உங்கள் அப்பாவுக்கும் இதைச் சொல்லலாம். சால்பிங்கோயெகா ரொசெட்டா என்று ஒரு கோயனோஃபிளாஜெல்லேட். விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒரு செல் உறவுக்காரர்கள் இந்தக் கூட்டம்தான், அதனால்தான் அதன் மேல் இவ்வளவு அக்கறை. அதன் ஜீனோம் (முழு மரபணுத் தொகுப்பு) 2013-ல் வெளிவந்தது. அந்தச் செல்லுக்குள் நம்பகமாக டிஎன்ஏ செலுத்தும் முறை வெளியானது 2018-ல். நடுவில் ஐந்து வருடம். செல்லைச் சுற்றி ஒரு சர்க்கரைப் போர்வை இருக்கிறது, அதுதான் தடுக்கிறது என்று கண்டு, பப்பாளியில் இருந்து கிடைக்கும் பப்பாயின் நொதியைப் போட்டு அந்தப் போர்வையைத் தளர்த்தினார்கள். நம் வீட்டில் கறி வேக பப்பாளிக்காய் போடுவோமே, அதே நொதி. பிறகு வேறு உயிரியின் புரொமோட்டரை (மரபணுவை இயக்கும் சுவிட்ச் போன்ற டிஎன்ஏ பகுதி) நம்பாமல் அந்த உயிரியின் சொந்தப் புரொமோட்டரை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஒளிரும் புரதத்தைக் கண்ணால் தேடுவதற்குப் பதில் நானோலக் என்ற, மிகக் கொஞ்சம் இருந்தாலே கருவியில் தெரிந்துவிடும் ஒன்றை வைத்து ஒவ்வொரு படியையும் அளந்தார்கள். ஆயிரத்தில் ஒரு செல்லுக்குள் போனாலும் அளவு காட்டும் கருவி இருந்தால்தான் 'நேற்றை விட இன்று தேவலை' என்று சொல்ல முடியும். அது இல்லாமல் போனால் எல்லா நாளும் பூஜ்யம்தான், எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. 2020-ல் அதே குழுவிலிருந்து மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் முறையும் வந்தது. அங்கேயும் முதலில் கை வைத்தது, சைக்ளோஹெக்சிமைடு என்ற நஞ்சைத் தாங்கும்படி ஒரே ஒரு சின்ன மாற்றம். வெட்டு விழுந்த செல் மட்டும்தான் பிழைக்கும் என்பதால் நூறு தட்டில் தேட வேண்டியதில்லை.

இன்டர்வியூவில் அந்த சீனியர் சொன்னதை மறுபடி யோசித்துப் பாருங்கள். 'உள்ளே போகவில்லை' என்றாரா, 'எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்கவே வழியில்லை' என்றாரா? இரண்டும் ஒன்றல்ல.

மைக்ரோலிட்டர்

உப்புநீர் அண்ணன் பெரிய விஷயங்களைச் சொல்லிவிட்டார். நான் கல்ச்சர் (உயிரி வளர்ப்பு) அறையில் வேலை பார்ப்பவள், தினசரி வாழ்க்கையை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் நேரத்தில் பாதி, உயிரினத்தைச் சாகாமல் பார்த்துக்கொள்வதிலேயே போகும். எஃப்/2 என்று ஒரு மீடியா (செல்கள் வளரும் சத்துக்கரைசல்), கில்லார்டும் ரைதரும் 1962-ல் கொடுத்த எஃப் மீடியாவின் பாதிச் செறிவு, இன்றும் பாதி உலகம் அதில்தான் ஓடுகிறது. கடல் தண்ணீரை அப்படியே ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும், பாஸ்பேட்டும் இரும்பும் அதோடு போய்விடும். அதனால் முதலில் தண்ணீர், ஆறிய பிறகு சத்துகள், வைட்டமின்கள் கடைசியில் வடிகட்டி. இந்த வரிசை மாறினால் பத்து நாள் கழித்துத்தான் தெரியும், செல்கள் மெலிந்து மங்கலாகிக்கொண்டே போகும்.

புதுப் பிளாஸ்க்குக்கு மாற்றும் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். தீபாவளி, பொங்கல் அதற்குத் தெரியாது.

பழைய லேப் ஒன்றில், நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது இன்குபேட்டரின் விளக்கு டைமர் நின்றுவிட்டது. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று இருந்தது முழுக்க இருட்டாகவே பதினோரு நாள் இருந்திருக்கிறது. யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. திரும்பி வந்து பிளாஸ்க்கைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தபோது தண்ணீர் தெளிவாக இருந்தது, அடியில் மட்டும் வெளிறிய ஒரு படலம். நான்கு வருடமாக ஒருவர் கை மாற்றி ஒருவர் காப்பாற்றிய ஸ்ட்ரெய்ன் (ஒரே மூலத்தில் இருந்து வளர்த்த வழி). உறைய வைத்த பிரதியும் இல்லை, ஏனென்றால் அந்த இனம் உறைய வைத்தால் மீளாது. அன்று நான் அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் எனக்கு ஒரே விதி: ஒரே ஸ்ட்ரெய்ன் இரண்டு இன்குபேட்டரில், இரண்டு ஆட்கள் பொறுப்பில், முடிந்தால் இரண்டு கட்டிடத்தில்.

சேரும் முன் கேளுங்கள்: உங்கள் உயிரி திரவ நைட்ரஜனில் உறைந்து மீள்கிறதா? மீள்கிறது என்றால் வேலை பாதி சுலபம். மரபணு மாற்றிய ஒவ்வொரு ஸ்ட்ரெய்னையும் காலம் முழுக்க வாரா வாரம் ஊட்டி வளர்க்க வேண்டிய நிலை வந்தால், மூன்றாம் வருடத்தில் ஆராய்ச்சி செய்ய நேரமே இருக்காது.

அலையோரம்

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அந்தப் பதினோரு நாளைப் படித்ததும் எங்கள் லேப் இன்குபேட்டரைப் போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னொரு சந்தேகம். அவர்கள் அனுப்பிய குறிப்பில், கல்ச்சரில் பாக்டீரியாவும் சேர்ந்தே இருக்கிறது, தனியாகப் பிரிக்க முடியவில்லை என்று இருந்தது. நான் படித்த வரையில் சுத்தமான கல்ச்சர் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது என்றுதான் சொல்லித்தந்தார்கள். இது பெரிய குறையா?

உப்புநீர்

குறைதான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன அதே சால்பிங்கோயெகாவில் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த உயிரி வர்ஜீனியா கடற்கரையில் ஹாக் தீவில் எடுத்தது. கிடைத்தபோதே பல செல்கள் ரோஜாப்பூ போல ஒட்டி நிற்கும் கூட்டங்கள் இருந்தன, பெயரே அதனால்தான். லேபுக்கு வந்த பிறகு பெரும்பாலும் தனிச் செல்லாகவே நீந்தியது, கூட்டம் எப்போதாவதுதான் வரும், ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பாக்டீரியாவைக் குறைக்கலாம் என்று ஆண்டிபயாடிக் போட்டார்கள். ஒரு மருந்துக் கலவையில் ரோஜாக்கள் அடியோடு காணாமல் போயின. பாக்டீரியாவைக் குறைக்கச் செய்த காரியம் உயிரியின் உருவத்தையே மாற்றிவிட்டது! அப்படியென்றால் ரோஜா உருவாகச் சொல்வது ஏதோ ஒரு பாக்டீரியாதான் என்று பிடித்துக்கொண்டு, கல்ச்சரில் இருந்த 64 பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் ரோஜாவைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆல்கோரிஃபேகஸ் மச்சிபோங்கோனென்சிஸ். அது வெளியிடும் ஒரு கொழுப்புப் பொருள், கற்பனைக்கே எட்டாத சிறிய அளவில், ஃபெம்டோமோலார் அளவில் இருந்தாலே போதும், செல்கள் பிரிந்து போகாமல் ஒட்டி நிற்கத் தொடங்கும். 2012-ல் வெளிவந்தது. ஒரு செல் உயிரி பல செல்லாக நிற்க ஒரு பாக்டீரியா காரணமாகலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ரோஜாவை நான் முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு செல்கள் உருண்டையாக, ஒவ்வொன்றின் வாலும் வெளிப்பக்கம் அடித்துக்கொண்டிருக்கும், எல்லாம் வேறு வேறு வேகத்தில், அதனால் உருண்டை நேராகப் போகாமல் தள்ளாடித் தள்ளாடிச் சுழலும். பக்கத்தில் வரும் பாக்டீரியா வாலடிக்கு இழுபட்டுக் கழுத்துப்பட்டியில் வந்து ஒட்டும், சில நிமிடத்தில் உள்ளே போய்விடும். அரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை.

அதனால் கைடிடம் ஒன்று கேளுங்கள், கல்ச்சரில் என்னென்ன பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்திருக்கிறார்களா என்று. 'இருக்கிறது, ஆனால் என்னவென்று தெரியாது' என்றால் அதுதான் கவலை. ஒரே ஒரு பாக்டீரியாவோடு, தெரிந்த ஒன்றோடு வளர்க்க முடிந்தாலே வேலையைத் தொடங்கலாம்.

நடுக்கடல்

உங்கள் அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன், ஏனென்றால் என் உயிரிக்குள் இன்னும் எதுவும் போகவில்லை, ஆனாலும் எனக்குப் பட்டம் கிடைத்தது.

நான் புரோகுளோரோகாக்கஸ் வளர்க்கிறேன். தெரியாதவர்களுக்கு: ஒரு மைக்ரானில் ஏறக்குறைய பாதி அளவுதான் இருக்கும் நீலப்பச்சை பாக்டீரியா. கடலில் எண்ணிக்கையில் இதைவிட அதிகமான ஒளிச்சேர்க்கை உயிர் கிடையாது. இவ்வளவு இருந்தும் 1980-களின் நடுவில்தான் மனிதர் கண்ணில் பட்டது. சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன் குழுவினர் கப்பலில் ஃப்ளோ சைட்டோமீட்டரை (செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு அளக்கும் கருவி) கொண்டுபோனபோது அதுவரை கருவியின் இரைச்சல் என்று தள்ளியிருக்கக்கூடிய ஒரு மங்கலான கூட்டம் தெரிந்தது. 1988-ல் பேப்பர்.

இதை வளர்ப்பது எப்படி என்றால், ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பானாலே நல்ல நாள். வெளிச்சம் அதிகமானால் செத்துவிடும். குடுவையில் ஒட்டியிருக்கும் செம்பு ஆகாது, அதனால் எல்லாவற்றையும் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். செழித்து வளர்ந்த கல்ச்சர் என்பது வெளிர் பச்சை, அவ்வளவுதான், புதிதாக வருபவர்கள் வெறும் தண்ணீர் என்று நினைத்துக் கொட்டிவிடப் பார்ப்பார்கள். இரட்டிப்பு இவ்வளவு மெதுவாக இருந்தால், ஒரு சோதனை தோற்றது என்று தெரியவே ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். வருடத்துக்கு எத்தனை முயற்சி செய்யலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் உயிரி எவ்வளவு நேரத்தில் இரட்டிப்பாகிறது என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. விப்ரியோ நாட்ரிஜென்ஸ் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும், அதில் காலையில் செய்த தப்பை மாலைக்குள் திருத்தலாம்.

இதற்குள் மரபணு செலுத்த எத்தனையோ பேர் முயன்றார்கள். 2020-ல் சிஷோம் குழுவிலிருந்தே ஒரு பேப்பர் வந்தது. 'எங்கள் கையில் எவையெல்லாம் வேலை செய்யவில்லை' என்று அதில் எழுதியிருந்தார்கள், பின்னால் வருபவர்கள் அதே முட்டுச்சந்தில் போய் நிற்க வேண்டாம் என்று. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது. நான் ஒரு வருடம் செய்ததில் பாதி அந்தப் பட்டியலில் இருந்தது. அதே பேப்பரில் எலெக்ட்ரோபொரேஷன் அளவுகளைச் சோதிக்க ஒரு முறையும், உயிருள்ள செல்லையும் செத்த செல்லையும் பிரித்தறிய ஒரு வழியும், பாக்டீரியா கலப்பில்லாத காலனி எடுக்கும் ஒரு முறையும் இருந்தன. பெரிய கதவு திறக்கவில்லை, ஆனால் போகும் வழியில் கிடைத்த மூன்று பொருட்களும் இன்று பலருக்குப் பயன்படுகின்றன.

வளராத உயிரி ஏன் வளரவில்லை என்ற கேள்வியே ஒரு தீசிஸ். புரோகுளோரோகாக்கஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் மரபணுவே இல்லை. கடல் தண்ணீரில் சூரிய ஒளி பட்டாலே பெராக்சைடு உண்டாகும். பிறகு எப்படிப் பிழைக்கிறது? பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்துக் கொடுக்கின்றன. லேபில் அந்த அக்கம்பக்கத்தாரை நீக்கிவிட்டு 'சுத்தமான கல்ச்சர்' என்று தட்டில் ஊற்றினால் அது வளராமல் போனதில் ஆச்சரியமே இல்லை. ஆல்டரோமோனாஸ் என்ற பாக்டீரியா ஒன்றைத் துணைக்குச் சேர்த்ததும் காலனி வந்தது. அதிலிருந்து பிளாக் குவீன் கருதுகோள் என்று ஒரு முழுச் சிந்தனையே 2012-ல் பிறந்தது: ஒரு வேலையைப் பக்கத்து வீட்டுக்காரர் செய்துவிடுவார் என்றால் அந்த மரபணுவைச் சுமப்பதை விட்டுவிடலாம் என்று.

என் தீசிஸில் ஒரு அத்தியாயம் தோற்ற சோதனைகள், இரண்டு அத்தியாயம் அது எப்படி வளர்கிறது, யாரோடு வளர்கிறது என்பது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதிகக் கேள்வி கேட்டது தோற்ற அத்தியாயத்தில்தான், எல்லாம் நல்ல கேள்விகள்.

கரைக்குவந்தவன்

எல்லோரும் ஆசையாக எழுதியிருக்கிறீர்கள், எதுவும் பொய் இல்லை. ஆனால் நான் நான்காம் வருடத்தில் இதிலிருந்து வெளியே வந்தவன், என் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள்.

என் லேபில் இரண்டாவது அத்தியாயம் என்று ஒன்று இருக்கவில்லை. எல்லாம் ஒரே கதவில் தொங்கியது. டைனோஃபிளாஜெல்லேட் (இரண்டு வால்கள் கொண்ட ஒரு செல் உயிரி) ஒன்று. ஜீனோமின் அளவே மனித ஜீனோமை மிஞ்சும், டிஎன்ஏ செலுத்தினாலும் உள்ளே நுழைந்ததா, நுழைந்து அடங்கிப்போனதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. துப்பாக்கி போல தங்கத் துகளில் டிஎன்ஏவைப் பூசிச் செலுத்துவது, எலெக்ட்ரோபொரேஷன், பாக்டீரியா வழியாகக் கடத்துவது, எல்லாம் செய்தேன். என் கைடு நல்லவர்தான், ஆனால் ஒவ்வொரு ஆறு மாதமும் 'இன்னும் ஒரே ஒரு முறை' என்றார். நானும் தலையாட்டினேன். மூன்றாம் வருடம் முடிந்தபோது என்னிடம் அழகாக எழுதிய நோட்டுப்புத்தகங்கள் இருந்தன, பேப்பர் இல்லை.

நடுக்கடல் சொன்னது போலத் தோல்வியையும் எழுதலாம் என்பது உண்மை. ஆனால் அதை எழுத அனுமதிக்கும் கைடு வேண்டும். அதைச் சேரும் முன்பே, மெயிலில், எழுத்தில் கேளுங்கள். ஒன்றரை வருடத்தில் உள்ளே போகவில்லை என்றால் என்ன செய்வோம்? அதே உயிரியில் மரபணு மாற்றம் தேவைப்படாத கேள்வி ஒன்று தயாராக இருக்கிறதா? தோற்ற முறைகளை வெளியிடுவீர்களா? பிரான்ஸில் ஒப்பந்தம் 3 வருடம், அதற்கு மேல் சம்பளம் யார் தருவார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இவற்றுக்கு நேரடியான பதில் வந்தால் போங்கள். மழுப்பினால் விப்ரியோவே மேல், நிச்சயமாகச் சொல்கிறேன். விப்ரியோவும் சின்ன விஷயம் இல்லை.

உப்புநீர்

கரைக்குவந்தவன் சொல்வதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆசைப்பட்டு எழுதும்போது விட்டுப்போனது. அந்தக் கேள்விகளை அப்படியே அனுப்புங்கள்.

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மூர் அறக்கட்டளை பணம் கொடுத்து, கடல் ஒரு செல் உயிரிகளுக்கு மரபணுக் கருவிகள் உருவாக்கப் பல நாட்டு லேப்களைச் சேர்த்தது. 2020-ல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் வந்த பேப்பரில் 100-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் இருக்கும். 39 இனங்களில் முயன்றதை எழுதினார்கள், அதில் 13 இனங்கள் அதற்கு முன் யாராலும் மரபணு செலுத்தப்படாதவை. மற்ற இனங்களில் எது எது நடக்கவில்லை என்பதையும் அதே அட்டவணையில் போட்டார்கள். முறைகளையெல்லாம் புரோட்டோகால்ஸ்.ஐஓ என்ற இணையதளத்தில் யாரும் படிக்கும்படி ஏற்றிவைத்தார்கள். நான் தொடங்கிய நாட்களில் ஒரு கரைசலின் அளவைத் தெரிந்துகொள்ள முகம் தெரியாத ஒருவருக்கு மெயில் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். உங்கள் இனத்தின் உறவுக்கார இனம் ஏதாவது அந்த 39-ல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் பூஜ்யத்தில் இருந்து தொடங்கவில்லை.

அலையோரம்

எல்லாக் கேள்விகளையும் போன வாரம் அனுப்பினேன். பதில் இரண்டு நாளில் வந்தது, நீளமாக. உயிரி 16 மணி நேரத்தில் இரட்டிப்பாகிறது. உறைய வைத்து மீட்க முடிகிறது, மீள்வது குறைவுதான் ஆனால் மீள்கிறது. கல்ச்சரில் மூன்று பாக்டீரியாக்கள், மூன்றும் எவை என்று தெரியும். 18 மாதம் தாண்டினால் அந்த மூன்று பாக்டீரியாக்களோடு அதற்கு உள்ள உறவைப் பார்க்கும் வேலைக்கு மாறலாம் என்று கைடு எழுத்தில் கொடுத்துவிட்டார். தோற்றவற்றை வெளியிடச் சம்மதம். 3 வருடத்துக்கு மேல் பணம் உறுதி இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். உறவுக்கார இனம் ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அப்பாவிடம் மெயிலைத் தமிழில் படித்துக் காட்டினேன். பாக்டீரியா உறவு என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். "அப்போ எழுத ஏதோ இருக்கு" என்றார். அக்டோபரில் போகிறேன். அதற்குள் கையில் எதைப் பழகிக்கொள்வது?

மைக்ரோலிட்டர்

வாழ்த்துகள்! ஒற்றைச் செல்லைப் பிரித்தெடுக்கப் பழகுங்கள். அதற்கு பிரான்ஸ் வேண்டாம், வெள்ளாறு போதும்.

கண்ணாடிப் பாஸ்டர் பிப்பெட்டை பர்னர் சுடரில் காட்டி, நடுவில் இளகியதும் சுடரை விட்டு வெளியே எடுத்து இரண்டு பக்கமும் மெதுவாக இழுங்கள். தலைமுடி அளவுக்கு மெலிந்து வரும், நுனியை ஒடித்துவிடுங்கள். முதல் இருபது உடையும், பரவாயில்லை. கண்ணாடித் தகட்டில் சுத்தமான, வடிகட்டிய கடல் தண்ணீரை ஏழெட்டுத் துளிகளாக வரிசையாக வையுங்கள். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே ஆற்றுத் தண்ணீரில் இருந்து ஒரு டயட்டம் செல்லை உறிஞ்சி முதல் துளியில் விடுங்கள், அங்கிருந்து மறுபடி உறிஞ்சி இரண்டாவதில், இப்படியே கடைசித் துளி வரை. ஒவ்வொரு துளியிலும் கூட வந்த கூட்டம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் அது மட்டும் தனியாக நிற்கும். 24 குழித் தட்டில் மீடியா ஊற்றி ஒவ்வொரு குழியிலும் ஒன்று. எஃப்/2 இல்லை என்றால் இறால் ஹேச்சரிக்காரர்களிடம் கான்வே மீடியம் கேட்டு வாங்குங்கள், கீட்டோசெரஸ் என்ற டயட்டத்துக்கு அவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். தட்டை நேர் வெயிலில் வைக்காதீர்கள், வடக்குப் பக்க ஜன்னல் ஓரம் போதும்.

பத்து நாள் கழித்து 24-ல் இரண்டு குழியில் பழுப்பு நிறம் தட்டினாலே நல்ல கை என்று அர்த்தம். படம் எடுத்து இங்கே போடுங்கள், என்ன இனம் என்று பார்க்கலாம்.